பகா எண்ணைக் கண்டறியும் வகுபடும் தன்மை விதிகள்: செட்டிநாட்டு அஞ்சல் எண்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒன்றைவிடப் பெரிய ஒரு முழு எண்ணுக்கு ஒன்றும் அந்த எண்ணும் தவிர வேறு காரணி இல்லையென்றால் அது பகா எண். வேறு காரணி இருந்தால் பகு எண். ஓர் எண் இவற்றில் எந்த வகை என்று அறிய முதலில் கைக்கு வருபவை வகுபடும் தன்மை விதிகள். தமிழ்நாட்டுப் பாடநூலில் இவை ஆறாம் வகுப்பிலேயே இடம்பெறுகின்றன. இவ்விதிகள் ஒவ்வொன்றும் ஓர் எண்ணைப் பகு எண் என்று காட்ட வல்லவை. பகா எண் என்று காட்டுவதற்கோ எந்த ஒரு விதியும் தனித்துப் போதாது. தேவையான விதிகள் எல்லாவற்றிலும் அந்த எண் தப்பினால்தான் அப்படிச் சொல்ல முடியும். அந்த 'எல்லாம்' எத்தனை, அவை எப்படி உருவாகின்றன, எண் பெரிதாகும்போது அவற்றுக்குப் பதிலாக எவை வந்தன என்பவற்றை இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது. சோதனைக்குரிய எண்களாகச் சிவகங்கை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களின் அஞ்சல் குறியீட்டு எண்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பத்தின் அடுக்குகளும் மீதிகளும்

பத்தடிமானத்தில் எழுதப்பட்ட எந்த எண்ணும் அதன் இலக்கங்களை 1, 10, 100, 1000 எனப் பத்தின் அடுக்குகளால் பெருக்கிக் கூட்டியதே. எனவே ஒரு வகுஎண்ணுக்குப் பத்தின் அடுக்குகள் என்ன மீதி தருகின்றன என்று தெரிந்தால், அந்த வகுஎண்ணுக்குரிய விதி தானாகக் கிடைத்துவிடும்.

10 என்பது 2-ஆலும் 5-ஆலும் மீதியின்றி வகுபடுகிறது. ஆகவே இவ்விரண்டுக்கும் கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும். 100 என்பது 4-ஆலும் 25-ஆலும், 1000 என்பது 8-ஆலும் 125-ஆலும் வகுபடுவதால், அவற்றுக்கு முறையே கடைசி இரண்டு, மூன்று இலக்கங்கள் போதுமானவை. 10-ஐ 3-ஆலோ 9-ஆலோ வகுத்தால் மீதி 1. பத்தின் எந்த அடுக்கை எடுத்தாலும் மீதி 1-தான். எனவே எண்ணும் அதன் இலக்கக் கூடுதலும் ஒரே மீதியைத் தருகின்றன. 10 என்பது 11-ஐவிட ஒன்று குறைவு. அதனால் பத்தின் அடுக்குகள் மாறி மாறி +1, −1 ஆகின்றன; 11-க்கு இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் பார்க்க வேண்டும்.

7-இன் நிலை சற்றுச் சிக்கலானது. பத்தின் அடுக்குகளை 7-ஆல் வகுத்தால் 1, 3, 2, 6, 4, 5 என மீதிகள் வந்து, பிறகு அதே வரிசை திரும்புகிறது. இலக்கங்களை வலமிருந்து இந்த எண்களால் பெருக்கிக் கூட்டினால் 7-க்கான விதி. எந்த வகுஎண்ணுக்கும் எந்த அடிமானத்திலும் இப்படி விதி அமைக்கலாம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் பொதுப்படக் காட்டினார்; அவர் இறந்த பின் 1665-இல் அக்கட்டுரை வெளியானது. 9-ஆல் வரும் மீதியைக் கொண்டு பெருக்கல், வகுத்தல் விடைகளைச் சரிபார்க்கும் வழக்கம் இந்தியாவில் அதைவிடப் பழையது. இரண்டாம் ஆரியபட்டரின் மகாசித்தாந்தத்தில் அது இடம்பெறுகிறது.

மூன்று இலக்கத் தொகுதிகளாகப் பார்ப்பது இன்னொரு வழி. 1001 = 7 × 11 × 13 என்பதால், 1000-ஐ இம்மூன்றில் எதனால் வகுத்தாலும் −1 மீதியாகக் கொள்ளலாம். ஆறு இலக்க எண்ணின் முதல் மூன்று இலக்கங்களால் ஆன எண்ணுக்கும் கடைசி மூன்று இலக்கங்களால் ஆன எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டால், அந்த ஒரே கழித்தலில் 7, 11, 13 மூன்றுக்கும் விடை கிடைக்கும். லட்சக் கணக்கில் காற்புள்ளி இடும் இந்திய முறையில் இந்தப் பிரிவு முழுமையாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. மும்மூன்றாகப் பிரித்து எழுதப்படும் அஞ்சல் எண்ணில் அது நேரடியாகத் தெரிகிறது.

630 என்னும் தொடக்கம்

இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ளது. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம், பிள்ளையார்பட்டி, சிவகங்கை ஆகியவற்றின் எண்கள் எல்லாம் 630 என்று தொடங்குகின்றன. கணித நோக்கில் இது ஒரு வசதியான தொடக்கம். 6,30,000-இன் காரணிகள் 2-இன் நான்காம் அடுக்கு, 3-இன் இரண்டாம் அடுக்கு, 5-இன் நான்காம் அடுக்கு, 7 ஆகியவை. எனவே 630-இல் தொடங்கும் எந்த அஞ்சல் எண்ணும் 2, 3, 5, 7, 9 ஆகியவற்றால் வகுபடுமா என்பதைக் கடைசி மூன்று இலக்கங்களே முடிவு செய்துவிடும்.

கோத்தமங்கலத்தின் எண் 630105. கடைசி மூன்று இலக்கங்களான 105 என்பது 3 × 5 × 7. ஆகவே முழு எண்ணும் இம்மூன்றாலும் வகுபடும். அதன் முழுக் காரணிப்படுத்தல் 3 × 5 × 7 × 17 × 353. பிள்ளையார்பட்டியின் எண் 630207. 207 என்பது 9-இன் மடங்கு என்பதால் 630207-உம் 9-இன் மடங்கே. சிவகங்கையின் 630561-இல் 561 என்பது 3-இன் மடங்கு. அதுவும் பகு எண். அழகப்பா பல்கலைக்கழகத்தின் 630003 இரண்டு விதிகளில் சிக்குகிறது. கடைசி மூன்று இலக்கங்கள் 003 என்பதால் அது 3-ஆல் வகுபடும். 630-இலிருந்து 3-ஐக் கழித்தால் வரும் 627 என்பது 11 × 57 ஆதலால் 11-ஆலும் வகுபடும். முழு விடை 3 × 11 × 17 × 1123.

இந்த விதிகளில் தப்பிப்பவை மூன்று: காரைக்குடித் தலைமை அஞ்சலகத்தின் 630001, கானாடுகாத்தானின் 630103, பள்ளத்தூரின் 630107. மூன்றும் 2, 3, 5, 7, 11, 13 எதனாலும் வகுபடுவதில்லை. இவை பகா எண்களா என்று அறிய அடுத்த வகை விதிகள் தேவை.

கடைசி இலக்கத்தை நீக்கும் விதிகள்

7-க்கு இன்னொரு விதி உண்டு: கடைசி இலக்கத்தை நீக்கிவிட்டு, அதன் இருமடங்கை எஞ்சிய எண்ணிலிருந்து கழிக்க வேண்டும், வரும் விடை 7-ஆல் வகுபட்டால் முதல் எண்ணும் வகுபடும். இதற்குக் காரணம் 21 என்பது 7-இன் மடங்கு என்பதே. எண்ணிலிருந்து கடைசி இலக்கத்தின் 21 மடங்கைக் கழித்தால் கடைசி இடம் பூச்சியமாகும். 10-க்கும் 7-க்கும் பொதுக் காரணி இல்லாததால் அந்தப் பூச்சியத்தை விட்டுவிடலாம்.

இதே வழியில் 1, 3, 7, 9 ஆகியவற்றில் முடியும் எந்த வகுஎண்ணுக்கும் விதி அமைக்கலாம். அதன் மடங்குகளில் 1-இல் முடிவதைக் கண்டால் கழித்தல் விதி. 9-இல் முடிவதைக் கண்டால் கூட்டல் விதி. 17-க்கு 51 என்பதால் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். 31-க்கு மூன்று மடங்கையும், 41-க்கு நான்கு மடங்கையும், 111 என்பது 37-இன் மடங்காதலால் 37-க்குப் பதினொரு மடங்கையும் கழிக்க வேண்டும். 13-க்கு 39 என்பதால் நான்கு மடங்கைக் கூட்ட வேண்டும். 19-க்கு இரண்டு மடங்கு, 29-க்கு மூன்று மடங்கு, 69 என்பதால் 23-க்கு ஏழு மடங்கு எனக் கூட்டல் விதிகள் அமைகின்றன. புரி கோவர்தன மடத்தின் சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தரின் 'வேத கணிதம்' என்ற நூல் 1965-இல் வெளிவந்து இவ்வகை விதிகளைப் பரவலாக்கியது. இம்முறைகள் வேத நூல்களில் காணப்படுவதில்லை என்று கணித வரலாற்றாளர்கள் காட்டியுள்ளனர். விதிகளின் சரித்தன்மையோ மேலே சொன்ன எளிய காரணத்தில் நிற்கிறது. நூலின் பழமையை அது சார்ந்ததில்லை.

காரைக்குடியின் 630001 என்ற எண் 17 முதல் 61 வரையுள்ள எல்லாப் பகா எண்களிலும் தப்பிவிடுகிறது. அடுத்தது 67. 201 = 3 × 67 என்பதால் 67-க்கான விதி, கடைசி இலக்கத்தின் இருபது மடங்கைக் கழிப்பது. 63000-இலிருந்து 20-ஐக் கழித்தால் 62980. பூச்சியத்தை நீக்கினால் 6298. 629-இலிருந்து 8-இன் இருபது மடங்கான 160-ஐக் கழித்தால் 469. 46-இலிருந்து 9-இன் இருபது மடங்கான 180-ஐக் கழித்தால் −134, அதாவது 67-இன் இருமடங்கு எதிர்க்குறியோடு. எனவே 630001 பகு எண். அது 67 × 9403.

இருவகை விதிகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. இலக்கங்களைக் கூட்டும் விதிகளும் மூவிலக்கத் தொகுதி விதியும் மீதி எவ்வளவு என்பதையும் சொல்லிவிடும். கடைசி இலக்கத்தை நீக்கும் விதிகள் வகுபடுமா படாதா என்பதை மட்டுமே சொல்லும். இடையில் 10-ஆல் வகுப்பதால் மீதி மாறிவிடுகிறது. வகுஎண் பெரிதாகும்போது இவ்விதிகளின் வேலையும் நேரடி வகுத்தலின் வேலையும் ஏறத்தாழச் சமமாகிவிடுகின்றன. கையால் கணக்கிடுபவருக்கு இவற்றால் கிடைக்கும் உண்மையான ஆதாயம் சிறிய வகுஎண்களில்தான்.

எதுவரை சோதிக்க வேண்டும்

ஓர் எண் இரண்டு காரணிகளின் பெருக்கலாக இருந்தால், இரண்டும் அதன் வர்க்கமூலத்தைவிடப் பெரியனவாக இருக்க முடியாது. எனவே வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் மட்டும் சோதித்தால் போதும். பகு எண்களால் சோதிக்கத் தேவையில்லை. 2-ஆலும் 3-ஆலும் தப்பிய எண் 6-இடம் சிக்குவதில்லை. 630103-இன் வர்க்கமூலம் 793-க்கும் 794-க்கும் இடையில் உள்ளது. 793 வரையுள்ள பகா எண்கள் 138. 630-இல் தொடங்கும் அஞ்சல் எண் ஒன்றைப் பகா எண் என்று உறுதிசெய்ய 138 விதிகள் தேவை.

அந்த 138 பகா எண்களின் பட்டியலைத் தருவது எரடோஸ்தனிஸ் சல்லடை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இம்முறையில் வகுத்தலே கிடையாது. 2, 3, 5, 7 என ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் வரிசையாக அடித்துக்கொண்டே போனால் எஞ்சியவை பகா எண்கள்.

சிறிய பகா எண்களின் விதிகள் எவ்வளவு வேலையை முடித்துவிடுகின்றன என்பதைத் துல்லியமாகக் கணக்கிடலாம். 2, 3, 5 மூன்றிலும் தப்புபவை முப்பதுக்கு எட்டு. 7-ஐயும் சேர்த்தால் 210-க்கு 48, அதாவது சுமார் 23 விழுக்காடு. 11, 13 வரை போனால் தப்புபவை சுமார் 19 விழுக்காடு. நூறு வரையுள்ள 25 பகா எண்களையும் பயன்படுத்தினால் சுமார் 12 விழுக்காடு. 6,30,000-ஐ ஒட்டிய எண்களில் பகா எண்களின் அடர்த்தியோ ஏறத்தாழ 7.5 விழுக்காடு, பகா எண் தேற்றம் தரும் மதிப்பீடு இது. ஆக, 13 வரையுள்ள விதிகளில் தப்பிய எண்களில் பத்தில் நான்கு அளவே உண்மையில் பகா எண்கள். முதல் சில விதிகள் பெரும்பகுதியைக் கழித்துவிடுகின்றன; எஞ்சிய சிறுபகுதிக்குத்தான் மீதி உழைப்பு முழுவதும் போகிறது.

கானாடுகாத்தானின் 630103 இதற்குச் சரியான சான்று. 2-இலிருந்து 631 வரையுள்ள 115 பகா எண்களில் எதிலும் அது சிக்குவதில்லை. 116-ஆவதான 641-இல்தான் சிக்குகிறது. 641-க்கான விதி கடைசி இலக்கத்தின் 64 மடங்கைக் கழிப்பது. 63010-இலிருந்து 192-ஐக் கழித்தால் 62818. 6281-இலிருந்து 512-ஐக் கழித்தால் 5769. அது 641-இன் ஒன்பது மடங்கு. ஆகவே 630103 = 641 × 983. எண் கோட்பாட்டில் 641 ஏற்கெனவே பெயர் பெற்றது. 2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டிவரும் எண்ணைப் பகா எண் என்று கணித அறிஞர் பெர்மா கருதியிருந்தார். 641 அதன் காரணி என்று 1732-இல் கணித அறிஞர் ஆய்லர் காட்டினார்.

வர்க்க வேறுபாட்டு முறை

இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால், சிறிய பகா எண்களிலிருந்து தொடங்கும் சோதனை மிக நீண்டுவிடும். அதற்கு நேர்மாறாக வர்க்கமூலத்திலிருந்து தொடங்கும் முறையை நாராயண பண்டிதர் 1356-இல் இயற்றிய கணித கௌமுதியில் தருகிறார். ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில் பெர்மா இதே முறைக்கு வந்து சேர்ந்தார். எண்ணின் வர்க்கமூலத்தைவிடச் சற்றுப் பெரிய முழு எண்ணின் வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழிக்க வேண்டும். மீதி ஒரு முழு வர்க்கமாக இருந்தால் காரணிகள் கிடைத்துவிடும். இல்லையென்றால் அடுத்த முழு எண்ணுக்குப் போக வேண்டும்.

630103-க்கு இது 794-இல் தொடங்குகிறது. 794-இன் வர்க்கத்திலிருந்து கழித்தால் 333. அது முழு வர்க்கமன்று. 795-க்கு 1922, அதுவும் அன்று. முழு வர்க்கம் 2, 3, 7, 8 ஆகியவற்றில் முடியாது என்பதால் பல மீதிகளைப் பார்த்தவுடனே தள்ளிவிடலாம். பத்தொன்பதாம் படியில் 812 வருகிறது: அதன் வர்க்கம் 659344, கழித்தால் 29241, அது 171-இன் வர்க்கம். 812-இலிருந்து 171-ஐக் கழித்தால் 641, கூட்டினால் 983. வகுத்தல் வழியில் 116 பகா எண்கள் தேவைப்பட்ட இடத்தில் இங்கே 19 படிகள் போதும். 67 × 9403 போலக் காரணிகள் வெகுதூரம் விலகி நிற்கும் எண்ணுக்கு இம்முறை பயன்படாது. அங்கே வகுத்தலே விரைவு. இரண்டு முறைகளும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கின்றன.

காரணியைத் தேடாத சோதனைகள்

பள்ளத்தூரின் 630107 முதல் 138 பகா எண்களில் எதனாலும் வகுபடுவதில்லை. எனவே அது பகா எண். இந்த முடிவுக்கு வேறு வழியிலும் வரலாம்: காரணியைத் தேடாமல், பகா எண்களுக்கே உரிய ஒரு பண்பு அந்த எண்ணிடம் உள்ளதா என்று பார்ப்பது.

அத்தகைய பண்புகளில் ஒன்று வில்சன் தேற்றம். ஓர் எண்ணுக்குக் குறைவான எல்லா மிகை முழு எண்களையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், அது அந்த எண்ணால் வகுபடுவது எண் பகா எண்ணாக இருக்கும்போது மட்டுமே. இத்தேற்றம் பகா எண்களை முழுமையாக வரையறுக்கிறது. நடைமுறைக்கு உதவாது, ஏனெனில் 630107-க்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்கள் தேவை. இத்தேற்றத்தை ஒட்டி எழுந்த ஒரு கேள்வி செட்டிநாட்டோடு தொடர்புடையது. கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவினார். அங்கே பணியாற்றிய எஸ். எஸ். பிள்ளை (1901–1950) எண் கோட்பாட்டின் வாரிங் சிக்கலில் உலகப் புகழ் பெற்றவர். 1 முதல் ஓர் எண் வரையுள்ள தொடர்பெருக்கலோடு ஒன்றைக் கூட்டிய எண் ஒரு பகா எண்ணால் வகுபட்டால், அப்பகா எண்ணைத் தொடர்பெருக்கலின் கடைசி எண்ணால் வகுக்கும்போது எப்போதும் 1 மீதி வருமா என்று அவர் கேட்டார். வராது என்பதற்கு மிகச் சிறிய சான்று 23: 14 வரையுள்ள தொடர்பெருக்கலோடு ஒன்றைக் கூட்டினால் 23-ஆல் வகுபடும், 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 9. இத்தகைய எண்கள் இன்று பிள்ளை பகா எண்கள் எனப்படுகின்றன. அவை முடிவற்றவை என்பதும் பின்னர் நிறுவப்பட்டது.

நடைமுறைக்கு உதவும் பண்பு 1640-இல் பெர்மா கூறிய சிறு தேற்றம். ஓர் ஒற்றைப்படை எண் பகா எண்ணாக இருந்தால், 2-ஐ அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி அந்த எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வரும். மீதி வேறாக இருந்தால், ஒரு காரணியும் தெரியாமலேயே அது பகு எண் என்று முடிவு கட்டலாம். ஆனால் 1 வந்தால் அது பகா எண் என்று சொல்லிவிட முடியாது. 561 = 3 × 11 × 17 பகு எண்; எனினும் தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை அடிமானமாக எடுத்தாலும் இச்சோதனையில் தேறிவிடுகிறது. கார்மைக்கேல் எண்கள் எனப்படும் இவ்வகையில் மிகச் சிறியது 561. அடுத்தவை 1105, 1729. இராமானுஜன் இரண்டு கனங்களின் கூடுதலாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று கணித அறிஞர் ஹார்டியிடம் சொன்னதாக அறியப்படும் 1729, 7 × 13 × 19 ஆகும். 6, 12, 18 மூன்றும் 1728-ஐ வகுப்பதுதான் அது இச்சோதனையை ஏமாற்றக் காரணம். கார்மைக்கேல் எண்கள் முடிவற்றவை என்ற நிரூபணம் 1994-இல் வெளியானது.

இந்த ஓட்டையை அடைத்தவை மில்லர் 1976-இலும் ராபின் 1980-இலும் வெளியிட்ட கட்டுரைகள். அடுக்கைப் பாதியாக்கிக்கொண்டே போய், இடையில் வரும் மீதிகளையும் பார்ப்பது இம்முறை. 630107-க்கு 2-இன் 315053-ஆம் அடுக்கைக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு படியிலும் வர்க்கப்படுத்தி 630107-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் 18 வர்க்கப்படுத்தல்களில் வேலை முடிந்துவிடும். கிடைக்கும் மீதி 630106, அதாவது −1. பகா எண்ணுக்குரிய விடை இது. 13,73,653-க்குக் குறைந்த எண்களில் 2, 3 ஆகிய இரு அடிமானங்களிலும் இச்சோதனையில் தேறும் பகு எண் எதுவும் இல்லை என்று சரிபார்க்கப்பட்டுள்ளது. எனவே எந்த ஆறு இலக்க எண்ணுக்கும் இவ்விரு அடிமானங்களே முழு உறுதி தருகின்றன. மிகப் பெரிய எண்களுக்கு அடிமானங்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்துப் பலமுறை சோதிப்பார்கள். ஒவ்வொரு சோதனையிலும் பகு எண் தப்பும் வாய்ப்பு கால்பங்குக்கு மேல் இராது.

கான்பூர் முறை

தற்செயல் தேர்வு இல்லாமல், நிரூபிக்கப்படாத கருதுகோள் எதையும் நம்பாமல், இலக்கங்களின் எண்ணிக்கையோடு மட்டான அளவில் கூடும் நேரத்துக்குள் எந்த எண்ணையும் சோதிக்க முடியுமா என்பது நெடுநாள் கேள்வியாக இருந்தது. 2002 ஆகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் முடியும் என்று நிறுவினார்கள். பெர்மாவின் சிறு தேற்றத்தை எண்களிலிருந்து பல்லுறுப்புக் கோவைகளுக்கு விரித்து, அங்கே மீதிகளை ஒப்பிடுவதே முறையின் சாரம். அவர்களுடைய கட்டுரை 2004-இல் 'அனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் வெளியானது. 2006-இல் கோடல் பரிசு கிடைத்தது. கோட்பாட்டளவில் இது கேள்வியை முடித்துவைத்தாலும், வேகத்தில் மில்லர்–ராபின் சோதனையை எட்டவில்லை.

இன்றைய நடைமுறையில் விதிகளின் இடம்

வங்கிப் பரிமாற்றங்களையும் இணையத் தொடர்புகளையும் காக்கும் ஆர்எஸ்ஏ மறையாக்கத்துக்கு நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட பகா எண்கள் தேவை. அவற்றை உருவாக்கும் மென்பொருள் ஓர் ஒற்றைப்படை எண்ணைத் தற்செயலாக எடுத்து, முதலில் சிறிய பகா எண்களால் வகுபடுமா என்று பார்க்கிறது. பெரும்பாலான எண்கள் அங்கேயே கழிந்துவிடுகின்றன. தப்பியவை மட்டுமே செலவு மிகுந்த மில்லர்–ராபின் சோதனைக்குப் போகின்றன.

ஆக, எண்ணின் அளவே முறையைத் தீர்மானிக்கிறது. மூன்று இலக்க எண்ணுக்கு 31 வரையுள்ள பதினொரு பகா எண்கள் போதும். அங்கே வகுபடும் தன்மை விதிகளே முழுச் சோதனை. ஆறு இலக்க எண்ணுக்கு அவை முதல் வடிகட்டல். அதன் பின் வர்க்கமூலம் வரை வகுத்தல், நாராயண பண்டிதரின் முறை, இரு அடிமானச் சோதனை ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நூறு இலக்கங்களைத் தாண்டினால் வர்க்கமூலம் வரை வகுப்பது எந்தக் கணினிக்கும் இயலாத வேலை. அங்கே பெரும்பாலும் அடுக்குகளின் மீதியைக் கொண்ட சோதனைகளே வழி. ஆறாம் வகுப்பின் இலக்கக் கூடுதல் விதி முதல் கான்பூர் முறை வரை பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான அடிப்படை ஒன்றே: எண்ணை முழுதாகக் கையாளாமல், அதன் மீதியை மட்டும் கையாள்வது.